கேம் பாஸ் விலை: அமெரிக்காவில் 50 சதவீத ஏற்றம், இந்தியாவில் மட்டும் ஏன் 109 வரை?

காவிரிக்கரையான் (திருச்சி)

2025 அக்டோபர் 1 அன்று மைக்ரோசாஃப்ட், மாதக் கட்டணத்தில் பல விளையாட்டுகளை ஆட விடும் தன் கேம் பாஸ் சந்தாவின் விலையை உயர்த்தியது. அதன் உயர் திட்டமான அல்டிமேட் மாதம் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலராகிவிட்டது, ஐம்பது சதவீதம் ஏற்றிவிட்டார்கள் என்று உலகமே கூச்சல் போட்டது. ரத்து செய்யும் பக்கம் அன்றைக்குக் கூட்டம் தாங்காமல் திணறியது என்றும் செய்தி வந்தது. நம் ஊர் விலைப்பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

இந்தியாவில் அல்டிமேட் ரூ. 829-இலிருந்து ரூ. 1,389 ஆனது. ஏறத்தாழ 68 சதவீதம். கணினிக்கு மட்டுமான பி.சி. கேம் பாஸ் ரூ. 449-இலிருந்து ரூ. 939 ஆனது. இது 109 சதவீதம், இரட்டிப்பையும் தாண்டிவிட்டது. அதே பி.சி. சந்தா அமெரிக்காவில் 11.99 டாலரிலிருந்து 16.49 டாலருக்குத்தான் போயிருக்கிறது. அங்கே 38 சதவீதம் கூட முழுதாக இல்லை.

பழைய கணக்கையும் எடுத்துப் பாருங்கள். 2023 ஜூலை வரை அல்டிமேட் இங்கே ரூ. 499. பிறகு 549. 2024-இல் 829. 2025 அக்டோபரில் 1,389. இதே காலத்தில் அமெரிக்க விலை 14.99-இலிருந்து 29.99 ஆகி இரு மடங்காகியிருக்கிறது. நம் விலை 2.8 மடங்காகியிருக்கிறது. சம்பளம் குறைவாக உள்ள நாட்டில் விலை வேகமாக ஏறுகிறது என்றால், எந்தக் கணக்கை வைத்து இந்த விலையைப் போடுகிறார்கள்?

சோனியும் விலையை ஏற்றிய நிறுவனம்தான். 2023 செப்டம்பரில் தங்கள் விளையாட்டுச் சந்தாவான பிளேஸ்டேஷன் பிளஸின் ஆண்டுக் கட்டணத்தை உயர்த்தினார்கள். அதன் அடிப்படைத் திட்டமான எசென்ஷியல் அமெரிக்காவில் 59.99 டாலரிலிருந்து 79.99, இங்கே ரூ. 2,999-இலிருந்து ரூ. 3,949. இரண்டுமே மூன்றில் ஒரு பங்கு அளவு உயர்வு. கசப்பாக இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்றாவது இருந்தது. இந்த முறை அதுவும் இல்லை.

நாட்டுக்கு நாடு தனி விலை வைக்கும் வட்டார விலை என்பது மக்களின் வருமானத்தைப் பார்த்து வைத்த ஏற்பாடு. அதை ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, கடைசியில் டாலர் விலைக்குக் கொண்டுபோய் விடுவார்கள் என்பதுதான் என் அச்சம். இதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வைகைவாசி (மதுரை)

விலை ஏறியது எனக்கும் வருத்தம்தான். ஆனால் கணக்கு என்று வந்தால் முழுக் கணக்கையும் போட வேண்டும். 29.99 டாலரை ரூபாயாக்கினால் 2,600-ஐத் தாண்டுகிறது. அந்த உயர்வில் நமக்கு வைத்தது 1,389, அதிலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கம். வரியைக் கழித்தால் நிறுவனத்தின் கைக்குப் போவது 1,177 ரூபாய்ச் சுற்றில். அமெரிக்க விலையில் விற்பனை வரி சேராது, அதைத் தனியாகக் கட்டுவார்கள். ஆக, அவர்கள் தருவதில் பாதியைக் கூட நாம் இன்னும் தரவில்லை.

இன்னொன்று. கால் ஆஃப் டூட்டி பிளாக் ஆப்ஸ் 6 வெளிவந்த 2024 அக்டோபர் 25 அன்றே சந்தாவில் கிடைத்தது. கடையில் தனியாக வாங்கினால் அதற்கு எவ்வளவு கொடுத்திருப்போம்? அப்படிப்பட்ட பெரிய விளையாட்டுகளை முதல் நாளே கொடுத்துக்கொண்டு 549 ரூபாயில் காலம் தள்ள முடியாது என்பது எனக்குப் புரிகிறது. 50,000 ரூபாய்க்கு எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி வாங்கியவரை ஏழை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

காவிரிக்கரையான்

வைகைவாசி சார், எக்ஸ்பாக்ஸ் வாங்கியவரைப் பற்றி நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். அப்படியானால் அதிக அடி அவருக்கு விழுந்திருக்க வேண்டும். விழுந்தது பி.சி. சந்தாக்காரருக்கு. 68-ஐ விட 109 பெரிது.

பி.சி. சந்தா யாரிடம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது வீட்டில் கடன் வாங்கிக் கொடுத்த மடிக்கணினி. பகலில் அதில் நிரல் எழுதுகிறான், செய்முறைப் பதிவேடு தயாரிக்கிறான். இரவில் அதே கணினியில் கொஞ்ச நேரம் விளையாடுகிறான். விளையாட்டுக்கென்று அவன் தனியாகச் செலவழித்தது அந்த 449 ரூபாய் மட்டுமே. அதையும் நான்கு பேர் சேர்ந்து போட்டுக் கட்டும் விடுதி அறைகளை நான் அறிவேன். அவனிடம்தான் 2025 அக்டோபரில் 939 கேட்டார்கள். ஆண்டுக்கு ரூ. 5,388 கட்டியவன் ரூ. 11,268 கட்ட வேண்டியதாயிற்று.

டாலரோடு ஒப்பிடும் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அக்டோபரில் டாலர் 88 ரூபாய்ச் சுற்றில் இருந்தது. அந்த விகிதத்தில் பழைய பி.சி. விலை அமெரிக்க விலையில் சுமார் 43 சதவீதம். புதிய விலை 65 சதவீதம். ஒரே நாளில் இருபது சதவீதப் புள்ளிகளுக்கு மேல் நெருங்கிவிட்டோம். அமெரிக்காவில் தலைக்கு ஆண்டு உற்பத்தி 85,000 டாலருக்கு மேல், இந்தியாவில் 2,700 டாலர் சுற்றில். முப்பது மடங்கு இடைவெளி உள்ள இரண்டு நாடுகளில் ஒரு பொருளின் விலை மூன்றில் இரண்டு பங்கு என்ற அளவுக்கு வந்து நிற்கலாமா? சந்தா கட்டுகிறவர் சராசரி இந்தியரை விட வசதியானவர்தான், ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்கரில் மூன்றில் இரண்டு பங்கு வசதியானவரா?

கயல்விழி (சேலம்)

நான் விளையாடுகிறவள் இல்லை, கட்டணம் கட்டுகிறவள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்காக என் அட்டையிலிருந்துதான் பி.சி. சந்தா போகிறது. விலை உயர்வைப் பற்றி அவன்தான் சொன்னான். சொன்ன கையோடு, "அம்மா, வேண்டாம், நிறுத்திவிடலாம்" என்றும் சொல்லிவிட்டான். வீட்டு வரவு செலவு தெரிந்த பிள்ளை. அவன் அப்படிச் சொன்னதுதான் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

பணம் எடுப்பதற்கு முதல் நாள் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது. எந்த நிறுவனம், எவ்வளவு தொகை, எந்தத் தேதி, வேண்டாம் என்றால் நிறுத்த ஓர் இணைப்பு. கடைசியாக வந்த செய்தியில் பழைய தொகையான 449 என்றே இருந்தது. இது எப்படி? அடுத்த மாதம் திடீரென்று 939 எடுத்துவிடுவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரையான்

அக்கா, தயவுசெய்து அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். ஏற்கெனவே தானாகப் புதுப்பிக்கும் சந்தாவில் இருப்பவர்களுக்கு இந்தியா உட்படச் சில நாடுகளில் இப்போதைக்குப் பழைய விலையே தொடரும் என்றுதான் உயர்வை அறிவித்தபோது சொன்னார்கள். உள்ளூர்ச் சட்டங்கள் காரணம். ஒருமுறை ரத்து செய்துவிட்டு மறுபடி சேர்ந்தால் புதிய விலைதான். அதனால் ஓடிக்கொண்டிருப்பதை அப்படியே ஓட விடுங்கள்.

உங்களுக்கு வரும் அந்தக் குறுஞ்செய்தி ரிசர்வ் வங்கியின் விதியால் வருவது. 2021 அக்டோபர் 1 முதல், தானாகப் பணம் எடுக்கும் எந்தச் சந்தாவாக இருந்தாலும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே வங்கி தெரிவித்தாக வேண்டும். முதன்முறை அனுமதி கொடுக்கும்போது ஓ.டி.பி. கேட்டிருப்பார்கள். அதில் நிலையான தொகைக்கும் அனுமதி தரலாம், மாறும் தொகைக்கும் தரலாம். மாறும் தொகை என்றால் உச்சவரம்பை நீங்களே குறிக்கலாம். உங்கள் வங்கிச் செயலியில் தானியங்கிக் கட்டண அனுமதிகள் என்ற பகுதியைத் திறந்து, அந்த வரம்பு எவ்வளவு என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பலரும் 15,000 ரூபாய் வரம்புக்குச் சம்மதம் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

அந்த விதி வந்த நாட்களில் எத்தனையோ சந்தாக்கள் நின்றுபோய் எல்லோரும் ரிசர்வ் வங்கியைத் திட்டினார்கள். எதைக் கட்டுகிறோம் என்று மாதந்தோறும் கட்டுகிறவருக்குச் சொல்லிவிட்டு எடுக்கும் முறை என்னைப் பொறுத்தவரை மிக நல்ல முறை.

மருதம் (தஞ்சாவூர்)

இந்த உயர்வுக்கே காரணம் ஆன்லைன் கேம்களுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. போட்டதுதானே? அரசாங்கத்தை யாரும் கேட்க மாட்டீர்களா?

வைகைவாசி

இல்லை. 2023 அக்டோபர் முதல் வந்த அந்த 28 சதவீதம் பணத்தைப் பந்தயமாக வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு, அதாவது ரம்மி போன்றவற்றுக்கு. அந்த வகையையே 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. கேம் பாஸ், பிளேஸ்டேஷன் பிளஸ், ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கும் கணினி விளையாட்டு ஆகியவற்றுக்கு எப்போதும்போல் 18 சதவீதம்தான். இந்த உயர்வில் வரிக்குப் பங்கில்லை.

யாழ்வாசகன் (யாழ்ப்பாணம்)

எங்கள் பக்கத்து நிலையையும் பதிவு செய்ய விரும்புகிறேன். உங்களுக்கு விலை ஏறிவிட்டது. எங்களுக்குக் கடையே இல்லை.

எக்ஸ்பாக்ஸ் சேவை உள்ள நாடுகளின் பட்டியலில் இலங்கை கிடையாது. பிளேஸ்டேஷன் நெட்வொர்க் பட்டியலிலும் கிடையாது. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 விளையாட்டைக் கணினியில் ஆட பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்தது. அந்தக் கணக்குச் சேவை இல்லாத நாடுகளில் ஸ்டீமில் விற்பனையும் நின்றது. இலங்கையும் அந்த நாடுகளில் ஒன்று. கட்டாயத்தைச் சோனி சில நாட்களிலேயே கைவிட்டது, ஆனால் விற்பனைத் தடை அதோடு நீங்கவில்லை. காசு கொடுத்து வாங்கத் தயாராக இருப்பவனை வாசலிலேயே நிறுத்துவது எவ்வளவு அவமானமாக இருக்கும் என்று அப்போது உணர்ந்தோம்.

ஸ்டீமில் நாங்கள் தெற்காசிய டாலர் பிரிவில் இருக்கிறோம். பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், பூட்டான், இலங்கை எல்லாம் ஒரே கூடை. அமெரிக்க விலையை விடக் குறைவாகத்தான் போடுகிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் அது டாலர் விலை. 2022-இன் தொடக்கத்தில் ஒரு டாலர் 200 இலங்கை ரூபாய். மே மாதம் 360-ஐத் தொட்டது. கடைக்காரன் ஒரு சதம் கூட ஏற்றாமலே எங்களுக்கு எல்லாமே முக்கால் மடங்கிற்கும் மேல் ஏறிப்போனது. அந்த நாட்களில் பல மணி நேர மின்வெட்டு, எரிபொருளுக்கு வரிசை. விளையாட்டைப் பற்றி நினைக்கவே கூச்சமாக இருந்த காலம் அது. இருந்தாலும் இரவில் மின்சாரம் வந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் நண்பர்களோடு ஆடிய ஆட்டம்தான் பல பேரைத் தேற்றியது. இதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

உள்ளூர் நாணயத்தில் விலை வைத்திருப்பதன் அருமை இந்திய நண்பர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். ஸ்டீமில் ரூபாய் விலை உங்களுக்கு 2015 முதல் இருக்கிறது. அதை இழந்துவிடாதீர்கள்.

செங்காந்தள் (கோவை)

யாழ்வாசகன் சொன்னதை விளையாட்டு உருவாக்குபவர் பக்கத்திலிருந்து விளக்குகிறேன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சிறிய விளையாட்டுகள் செய்து ஸ்டீமில் விற்கிறோம்.

ஸ்டீமில் விலையை நிர்ணயிப்பது அதை நடத்தும் வால்வ் நிறுவனம் அல்ல, விற்பவர். டாலரில் ஒரு விலையைப் போட்டவுடன் ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு பரிந்துரை விலை திரையில் வந்து நிற்கும். அதை ஏற்கலாம், மாற்றலாம். நாற்பதுக்கு அருகில் நாணயங்கள் உள்ள நீண்ட பட்டியல் அது. சிறிய குழுக்கள் பெரும்பாலும் பரிந்துரையை அப்படியே ஏற்றுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். ஆகவே அந்தப் பரிந்துரை அட்டவணை மாறினால் உலகம் முழுவதும் விலை மாறும்.

2022 அக்டோபரில் அது மாறியது. துருக்கி லிராவுக்கும் அர்ஜென்டினா பெசோவுக்கும் பரிந்துரை விலை ஐந்து மடங்குக்கு மேல் போனது. இந்திய ரூபாய்க்கும் கணிசமாக ஏறியது. அடுத்த ஆண்டு நவம்பர் 20 அன்று அந்த இரு நாடுகளிலும் உள்ளூர் நாணயத்தையே எடுத்துவிட்டு டாலருக்கு மாற்றினார்கள். நாணய மதிப்பு நிலையில்லாமல் ஆடுவதால் விற்பவர்களால் பொருத்தமான விலை வைக்க முடியவில்லை என்பது வால்வ் சொன்ன காரணம். பொய்யில்லை. அர்ஜென்டினாவில் 2023-இன் பணவீக்கம் 211 சதவீதம். ஜனவரியில் வைத்த பெசோ விலைக்கு டிசம்பரில் என்ன மதிப்பு இருக்கும்?

ஆனால் அங்கே விளையாடுகிறவருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். லத்தீன் அமெரிக்க டாலர் பிரிவு, மத்தியக் கிழக்கு டாலர் பிரிவு என்று குறைந்த விலைக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். பல விற்பனையாளர்கள் அதற்கு விலை போடவே இல்லை. முதல் நாள் சில டாலருக்குக் கிடைத்த விளையாட்டு மறுநாள் முழு அமெரிக்க விலையில் நின்றது. அர்ஜென்டினாவில் அட்டையில் டாலர் செலவு செய்தால் அப்போது அரசின் தனி வரிகள் வேறு.

அந்த இரு நாடுகளுக்கும் அந்தக் கதி வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேறு நாட்டுக்காரர்கள் தாங்கள் இருக்கும் நாட்டை மறைக்கும் வி.பி.என். போட்டு அங்கே கணக்குத் திறந்து மலிவு விலையில் வாங்கிக் குவித்தார்கள். நாட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம் என்று 2021-இல் ஸ்டீம் கட்டுப்பாடு போட்டது இதற்காகத்தான். எங்களைப் போன்றவர்களின் விற்பனைக் கணக்கில் அது பளிச்சென்று தெரியும். ஒரு சிறிய நாட்டில் திடீரென்று விற்பனை பொங்கும், ஆனால் அந்த நாட்டு மொழியில் ஒரு விமர்சனம் கூட வராது. வாங்கியவன் அந்த ஊர்க்காரன் இல்லை.

தென்றல்92 (சென்னை)

அதையேதான் நாமும் செய்தால் என்ன? வெளிநாட்டுச் சந்தாக் குறியீடுகளை விற்கும் தளங்கள் ஏராளம். பாதி விலைக்குக் கிடைக்கிறது. பெரிய நிறுவனங்களுக்காக நாம் ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்?

செங்காந்தள்

நிறுவனத்துக்காகக் கவலைப்படச் சொல்லவில்லை, தென்றல். துருக்கியில் இருக்கும் கல்லூரி மாணவனுக்காகச் சொல்கிறேன். அவனுக்கென்று வைத்த விலையை வெளியூர்க்காரன் எடுத்துக்கொண்டதால் அந்த விலையே இல்லாமல் போனது. நாளைக்கு வேறு நாட்டுக்காரர்கள் இந்திய விலையைத் தேடி வந்தால் நமக்கும் அதே கதிதான். வந்துகொண்டும் இருக்கிறார்கள்.

மருதம்

தென்றல், பாதுகாப்புக்காகவும் சொல்கிறேன். இப்படி ஒரு தளத்தில் ஓராண்டுக் குறியீடு வாங்கினேன். இரண்டாம் மாதமே சந்தா செல்லாது என்று வந்துவிட்டது. விற்ற தளம் பதிலே போடவில்லை. திருடிய அட்டையில் வாங்கிய குறியீடாக இருந்திருக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். போன பணம் போனதுதான். கணக்கை முடக்காமல் விட்டார்களே என்று ஆறுதல்பட வேண்டியிருந்தது.

பொருநை விளையாட்டு மையம் (பாளையங்கோட்டை)

பத்துக் கணினிகள் வைத்து மையம் நடத்துகிறேன். மணிக்கு 50 ரூபாய், இரவு முழுவதும் என்றால் தனிக் கட்டணம். கேம் பாஸ் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே, கடையில் போட்டு வாடகைக்கு விட அனுமதி இல்லை. நான் அதைப் போட்டதும் இல்லை. எங்கள் கணினிகளில் ஓடுவது வேலோரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 போன்ற இலவச விளையாட்டுகள்தான்.

விலை உயர்வு என் கண்ணுக்கு வேறு விதமாகத் தெரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வரும் பையன்கள் எல்லோரும் திருட்டுப் பிரதிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்தத் தளத்தில் இறக்கலாம், எந்தப் பதிப்பில் வைரஸ் இல்லை என்று. நடுவில் அந்தப் பேச்சு குறைந்தது. அப்போதைய விலையான 349 ரூபாய்க்கு முறையான சந்தா கிடைத்ததும் நான்கைந்து பேர் பெருமையாக வந்து காட்டினார்கள். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு என்பதில் அவர்களுக்கு ஒரு மரியாதை இருந்தது. இப்போது அந்தப் பழைய பேச்சு மறுபடி கேட்கிறது. போன வாரம் ஒரு பையன் பென்டிரைவை நீட்டி, "அண்ணா, இதைப் போட்டுத் தருவீர்களா?" என்றான். மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். திட்டவும் மனம் வரவில்லை. அவனுடைய அப்பா பூ வியாபாரம் செய்கிறார். 449 வரைக்கும் அவன் கட்டிக்கொண்டிருந்தவன், நடுவில் செமஸ்டர் கட்டணத்துக்காக ஒரு மாதம் நிறுத்தியிருக்கிறான். திரும்பச் சேரப் போனால் 939.

இப்படி மாதம் விட்டு மாதம் கட்டுகிறவர்களுக்குப் பழைய விலைச் சலுகை கிடையாது. தொடர்ந்து கட்ட முடிந்தவருக்குத்தான் சலுகை. கஷ்டப்பட்டு நிறுத்தி நிறுத்திக் கட்டுகிறவர் கூடுதலாகக் கட்ட வேண்டும். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

வைகைவாசி

பொருநை அண்ணன் சொன்னதைப் படித்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கோணத்தில் நான் பார்த்திருக்கவில்லை. விலை உயர்வுக்குக் காரணம் உண்டு என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் உயர்த்திய விதம் வேறு மாதிரி இருந்திருக்கலாம். அல்டிமேட்டில் யுபிசாஃப்ட் நிறுவனத்தின் விளையாட்டுத் தொகுப்பான யுபிசாஃப்ட் பிளஸ் கிளாசிக்ஸ் சேர்த்தார்கள், நவம்பரில் ஃபோர்ட்நைட் விளையாட்டின் சந்தாவான ஃபோர்ட்நைட் க்ரூ சேர்த்தார்கள். ஃபோர்ட்நைட் ஆடாதவருக்கு அது எதற்கு? விளையாட்டை இறக்காமல் இணையம் வழியே ஆடும் கிளவுட் வசதி அல்டிமேட்டின் முக்கிய அம்சம் என்று பல ஆண்டுகளாக விளம்பரம் செய்தார்கள். இந்தியாவில் அது 2025 நவம்பரில்தான் திறந்தது. அதுவரை இங்கே கட்டியவர்கள் இல்லாத வசதிக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்து, வேண்டியவர் வேண்டியதை எடுக்கட்டும் என்று விட்டிருந்தால் இந்த விலையே தேவைப்பட்டிருக்காது.

காவிரிக்கரையான்

சரியாகச் சொன்னீர்கள். இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் விலையைக் குறைத்தது. பேசிக் திட்டம் 499-இலிருந்து 199, செல்பேசித் திட்டம் 199-இலிருந்து 149. பிறகு தன் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில், இந்தியாவில் பார்க்கும் நேரம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடியது, நாணய மாற்று விகிதத்தின் விளைவை நீக்கிய வருவாய் வளர்ச்சி 2021-இல் 19 சதவீதமாக இருந்தது 2022-இல் 24 சதவீதமானது என்று அவர்களே தெரிவித்தார்கள். விலையைக் குறைத்துத்தான் வருவாய் வளர்ச்சியைக் கூட்டினார்கள். இந்தச் சந்தையில் கூட்டம்தான் பலம். ஒருவரிடம் இரண்டு மடங்கு வாங்குவதைவிட மூன்று பேரை உள்ளே அழைப்பதில் லாபம் இருக்கிறது.

படத்துக்கும் விளையாட்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பீர்கள். உண்டு. பெரிய விளையாட்டைச் சந்தாவில் கொடுத்தால் தனி விற்பனை குறையும். அப்படியானால் முதல் நாள் விளையாட்டுகள் இல்லாமல், ஓராண்டு பழையவை மட்டும் கொண்ட ரூ. 199 மாணவர் திட்டம் ஒன்றைக் கொடுக்கட்டுமே. கேம் பாஸில் எசென்ஷியல் 499, பிரீமியம் 699 என்று 2025 அக்டோபரில் வைத்த படிகளில் கீழ்ப்படியே அந்த மாணவனுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 2022-இல் அயர்லாந்திலும் கொலம்பியாவிலும் ஐந்து பேர் சேர்ந்து பகிரும் குடும்பத் திட்டத்தைச் சோதித்தார்கள். கூட்டுக் குடும்பமும் விடுதி அறையும் நிறைந்த இந்தியாவுக்கு அது வரவே இல்லை. அந்தத் திட்டம் மிகவும் தேவைப்படும் நாடு இதுதான்.

கயல்விழி

காவிரிக்கரையான் தம்பிக்கு நன்றி. வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தேன், நீங்கள் சொன்னபடி வரம்பு 15,000 என்றே இருந்தது. 500-க்குக் குறைக்கலாம் என்று பார்த்தேன், மாற்ற வழி கொடுக்கவில்லை. ரத்து செய்துவிட்டுப் புதிதாகத்தான் கொடுக்க வேண்டுமாம். அப்படிச் செய்தால் சந்தாவும் அறுந்துவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன். குறுஞ்செய்தியை மட்டும் மாதந்தோறும் கவனமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொரு சந்தேகம். நாளைக்குப் பழைய விலையும் போய்விட்டால் என்ன செய்வது? அவன் ஆடுவது இரண்டே விளையாட்டுகள்.

செங்காந்தள்

அம்மா, இரண்டே விளையாட்டுகள் என்றால் சந்தாவே தேவையில்லை. அந்த இரண்டையும் ஸ்டீமில் விருப்பப் பட்டியலில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். கோடையிலும் குளிர்காலத்திலும் பெரிய தள்ளுபடி வரும், விலை இறங்கினால் மின்னஞ்சல் வந்துவிடும். வாங்கிவிட்டால் மாதக் கட்டணம் கிடையாது. கணினியில் இணையம் வழியே சேர்ந்து ஆடுவதற்குத் தனிச் சந்தாவும் வேண்டியதில்லை, அது எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் போன்ற கன்சோல்களுக்குத்தான். வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் ஸ்டீம் குடும்பக் கணக்கில் ஆறு பேர் வரை சேர்க்கலாம். எல்லோரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கேம் பாஸ் பட்டியலை விட்டு ஒரு விளையாட்டு நீங்கப்போகிறது என்றால், அதற்கு முன் சந்தாதாரர்களுக்கு 20 சதவீதம் வரை தள்ளுபடியில் வாங்கும் வாய்ப்பும் உண்டு. அதையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

இந்த இழையில் இவ்வளவு பேர் இருப்பதால் ஒன்று கேட்கிறேன். எங்கள் அடுத்த விளையாட்டு சில மாதங்களில் வருகிறது. அமெரிக்காவில் 9.99 டாலர் வைக்கலாம் என்று முடிவு. வால்வுக்கு 30 சதவீதப் பங்கு, அதற்கு முன் வரி, மீதியில்தான் மூன்று குடும்பங்கள். பரிந்துரை அட்டவணையைப் பார்க்காமல் ரூபாய் விலையை நாங்களே வைக்க விரும்புகிறோம். எவ்வளவு வைத்தால் வாங்குவீர்கள்? உள்ளதைச் சொல்லுங்கள்.

தென்றல்92

350 என்றால் தள்ளுபடிக்குக் காத்திருக்காமல் வாங்குவேன்.

யாழ்வாசகன்

தெற்காசிய டாலர் பிரிவுக்கும் மறக்காமல் தனி விலை போடுங்கள், அண்ணா. அந்தக் கட்டத்தில் 4 டாலருக்குள் இருந்தால் இங்கே நிச்சயம் விற்கும். ஐந்தைத் தாண்டினால் யோசிப்போம்.

பொருநை விளையாட்டு மையம்

என் கடைக்கு வரும் பையன்களிடம் இன்று மாலை கேட்டேன். 299 என்றார்கள் பெரும்பாலோர். ஒருவன் 249 என்றான். வாரத்துக்கு ஆறு மணி நேரம் என் கடையில் ஆடினால் 300 ரூபாய் ஆகிறது, அந்தக் காசுக்கு விளையாட்டே சொந்தமாகிவிடும் என்றால் வீட்டில் கேட்க முடியும் என்கிறார்கள். எனக்கு நஷ்டமான கணக்குதான், இருந்தாலும் 299 வையுங்கள். வெளிவரும் நாளில் கடை வாசலில் உங்கள் சுவரொட்டியை நானே ஒட்டுகிறேன். அளவைச் சொல்லி அனுப்புங்கள், அச்சகம் பக்கத்துக் கடைதான்.